தீர்ப்பு வராமலே சிறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வழக்கு முடியவில்லை, குற்றம் நிரூபிக்கப்படவில்லை, ஆனால் ஆள் உள்ளே இருக்கிறார். இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் பெரும்பாலோரின் நிலை இதுதான். அவர்களுடைய வீட்டார் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும், வெளியில் இருந்து பார்ப்பவர்கள் கேட்கும் சில கேள்விகளையும் இங்கே சேர்த்திருக்கிறேன். பெரும்பகுதி தமிழ்நாட்டு நடைமுறை.

படிக்கும்போது ஒன்றைக் கவனிப்பீர்கள். ஏறக்குறைய எல்லாப் பதிலும் ஒரு தேதியில் போய் நிற்கும். சட்டம் கைதிக்குக் கொடுத்திருக்கும் பாதுகாப்பில் பாதிக்கு மேல் நாள்கணக்குதான். அந்த நாள் வந்தால் கதவு தானாகத் திறந்துவிடாது. யாராவது எண்ணிக்கொண்டே இருந்து, உரிய நாளில் மனு போட வேண்டும்.

விசாரணைக் கைதி, தடுப்புக் காவல் கைதி, இருவரும் ஒன்றா?

இல்லை. ஒரு வழக்கில் கைதாகி, தீர்ப்பு வரும்வரை நீதிமன்றக் காவலில் இருப்பவர் விசாரணைக் கைதி. தடுப்புக் காவலில் இருப்பவர் மீது இந்தக் காவலுக்காக விசாரணையே கிடையாது. அவர் இனிமேல் ஏதாவது செய்யக்கூடும் என்ற சந்தேகத்தில் கலெக்டரோ போலீஸ் கமிஷனரோ போடும் உத்தரவில் உள்ளே இருக்கிறார். தமிழ்நாட்டில் ‘குண்டாஸ்’ என்று சொல்லும் குண்டர் சட்டக் காவல் இரண்டாவது வகை.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 இறுதியில் நாடு முழுவதும் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தார்கள். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள், அதாவது நூற்றுக்கு 76 பேர். அவர்களில் 11,000-க்கும் மேற்பட்டோர் 5 ஆண்டுகளைத் தாண்டியும் தீர்ப்புக்காகக் காத்திருந்தார்கள்.

என் தம்பியை நேற்று ராத்திரி ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். ‘சும்மா விசாரணைக்குத்தான்’ என்கிறார்கள். இது கைதா?

அவர் எழுந்து வீட்டுக்கு வர முடியுமா? முடியாதென்றால், பெயர் என்னவாக இருந்தாலும் அது காவல்தான். அரசியலமைப்பின் 22-வது பிரிவு மூன்று விஷயங்களைச் சொல்கிறது: கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும், விரும்பும் வக்கீலைப் பார்க்க விட வேண்டும், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் பண மோசடித் தடுப்பு வழக்குகளுக்கும், 2024 மே மாதம் பிரபீர் புர்காயஸ்தா வழக்கில் யுஏபிஏ-வுக்கும் (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம்) சொன்னது.

நடைமுறையில் சிக்கல் எங்கே வருகிறது என்றால், கைது நேரத்தை மாற்றி எழுதுவதில். இரவு 9 மணிக்குத் தூக்கியவரை மறுநாள் மதியம் ‘பஸ் ஸ்டாண்ட் அருகே கைது செய்தோம்’ என்று காட்டினால் 24 மணி நேரம் அங்கிருந்துதான் ஓடும். எனவே கூட்டிப்போன நேரத்தையும், யார் வந்தார்கள், எந்த வண்டி என்பதையும் எழுதி, அன்றைக்கே மாவட்ட எஸ்.பி.க்கும் அந்தப் பகுதி மாஜிஸ்திரேட்டுக்கும் அனுப்பிவிடுங்கள். மின்னஞ்சல் போதும், அதில் நேரம் பதிவாகிவிடும். தெருவில் சிசிடிவி இருந்தால் அந்தப் பதிவையும் கேட்டு வாங்கி வையுங்கள். சில நாட்களில் அழிந்துவிடும்.

மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவது வெறும் சடங்கு இல்லை. காயம் இருக்கிறதா, அடித்தார்களா என்று அவர் பார்க்க வேண்டிய ஒரே தருணம் அது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் கைதான தந்தையையும் மகனையும் மாஜிஸ்திரேட் அருகில் அழைத்துப் பார்க்காமலே ரிமாண்ட் செய்துவிட்டார், அதாவது சிறைக் காவலுக்கு அனுப்பிவிட்டார் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போன சில நாட்களில் இருவருமே இறந்துபோனார்கள்.

‘15 நாள் ரிமாண்ட்’ என்றார்கள். 15 நாள் முடிந்ததும் மறுபடி 15 நாள் என்கிறார்களே?

மாஜிஸ்திரேட் ஒரு தடவையில் அதிகபட்சம் 15 நாள்தான் ரிமாண்ட் கொடுக்க முடியும். அதன் பிறகு நீட்டித்துக்கொண்டே போவார். நீட்டிப்புக்கு இப்போதெல்லாம் காணொலியில் முகம் காட்டினால் போதும். எஸ்கார்ட் போலீஸ் இல்லை என்று கோர்ட்டுக்கே கூட்டிவராமல் விடுவதும் சகஜம். ஆனால் இந்த நீட்டிப்புக்கு ஒரு முடிவு நாள் உண்டு. அடுத்த கேள்வி அதைப் பற்றியதுதான். பதில் கொஞ்சம் நீளம், அவசரப்படாமல் படியுங்கள்.

அந்த 60 நாள், 90 நாள் கணக்கு என்ன?

போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய ஒரு கெடு இருக்கிறது. மரண தண்டனை, ஆயுள், அல்லது 10 ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை தரக்கூடிய குற்றங்களுக்கு 90 நாள். மற்றவற்றுக்கு 60 நாள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான சி.ஆர்.பி.சி.யில் 167(2), அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.என்.எஸ்.எஸ்.ஸில் 187(3). போதைப்பொருள் வழக்கில் வணிக அளவு என்றால் 180 நாள் வரை போகும். யுஏபிஏ வழக்கிலும் கோர்ட் அனுமதித்தால் 180 வரை நீட்டிக்கலாம்.

கெடு முடிந்தும் குற்றப்பத்திரிகை வரவில்லை என்றால் ஜாமீன் உரிமையாகிவிடுகிறது. குற்றம் எவ்வளவு கொடியது, ஆதாரம் எவ்வளவு பலமானது என்றெல்லாம் கோர்ட் பார்க்கக் கூடாது. வக்கீல்கள் இதை ‘ஸ்டாட்யூட்டரி பெயில்’ என்பார்கள், சில பத்திரிகைகள் கட்டாய ஜாமீன் என்று எழுதுகின்றன.

எண்ணுவது எப்படி? கைது செய்த நாளிலிருந்து இல்லை, மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்த நாளிலிருந்து. அந்த ரிமாண்ட் நாளையும் சேர்த்து எண்ண வேண்டும். இதில் வெகுநாள் குழப்பம் இருந்தது, 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது. ஆக மார்ச் 1-ஆம் தேதி ரிமாண்ட் என்றால், மார்ச் 1 முதல் நாள், ஏப்ரல் 29 அறுபதாவது நாள், ஏப்ரல் 30 காலையில் மனு கையில் இருக்க வேண்டும்.

காலையில் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உரிமை பிறந்துவிட்டாலும், நீங்கள் மனு போடுவதற்கு முன் போலீஸ் குற்றப்பத்திரிகையைத் தாக்கல் செய்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். சென்னையில் ஒரு போதைப்பொருள் வழக்கில் 2019 பிப்ரவரி 1-ஆம் தேதி காலை 10.30 மணிக்குக் கைதி தரப்பில் ஜாமீன் மனு போட்டார்கள். அதே நாள் மாலை 4.25-க்கு அரசுத் தரப்பு கூடுதல் புகாரை (இந்த வகை வழக்கில் குற்றப்பத்திரிகைக்கு நிகரானது) தாக்கல் செய்துவிட்டு, இனி ஜாமீன் கிடையாது என்றது. உயர் நீதிமன்றமும் ஜாமீனை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில், மனு முதலில் வந்துவிட்டது, பிறகு தாக்கல் செய்ததால் உரிமை போகாது என்று சொல்லி ஜாமீனை நிலைநிறுத்தியது. இடையில் இருந்தது ஆறு மணி நேரம்.

இன்னொன்று மதுரைப் பக்கம். சமயநல்லூர் காவல் நிலைய வழக்கு. கொரோனா ஊரடங்கில் 73 நாள் ஆகியும் குற்றப்பத்திரிகை வரவில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் எல்லாக் கெடுவும் நீட்டிக்கப்பட்டதால் இதுவும் நீண்டுவிட்டது என்று ஜாமீன் மறுத்தார்கள். உச்ச நீதிமன்றம் 2020 ஜூன் 19 அன்று அதை ஏற்கவில்லை. வழக்குப் போடும் கெடுவை நீட்டிக்கலாம், ஒரு மனிதனை உள்ளே வைக்கும் கெடுவை அப்படி நீட்ட முடியாது என்பதே தீர்ப்பின் சாரம்.

ஒரு நினைவூட்டல்: அவர் மீது இரண்டு வழக்கு இருந்தால் இரண்டுக்கும் தனித்தனி ரிமாண்ட் தேதி, தனித்தனி கணக்கு. ஜெயிலில் இருப்பவரையே வேறு வழக்கில் பி.டி. வாரண்டில் (கைதியைச் சிறையிலிருந்து கோர்ட்டுக்குக் கொண்டுவரும் உத்தரவு) காட்டியிருந்தால், அந்தக் கணக்கு அந்த வழக்கில் ரிமாண்ட் ஆன நாளில்தான் தொடங்கும்.

குற்றப்பத்திரிகை வந்துவிட்டது. ஆனால் இரண்டு வருடமாக வாய்தா மேல் வாய்தா. இதற்கு என்ன வழி?

இந்தக் கேள்விக்கு இந்திய நீதிமன்றம் முதலில் காது கொடுத்தது 1979-இல், பீகார் கைதிகளுக்காக. ஹுசைனாரா காத்தூன் வழக்கு என்று அதற்குப் பெயர். வக்கீல் கபிலா ஹிங்கோரானி பத்திரிகைச் செய்தி ஒன்றை எடுத்துக்கொண்டு உச்ச நீதிமன்றம் போனார். தோண்டப் போனால், குற்றம் நிரூபிக்கப்பட்டிருந்தால் எவ்வளவு காலம் தண்டனையோ அதைவிட அதிகக் காலம் விசாரணைக் கைதியாகவே கழித்தவர்கள் பலர் இருந்தார்கள். குற்றமே சாட்டப்படாத பெண்கள், சாட்சிகள் என்பதற்காக ‘பாதுகாப்புக் காவலில்’ அடைபட்டுக் கிடந்தார்கள். விரைவான விசாரணை என்பது 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று நீதிபதி பகவதி எழுதினார். அந்த வழக்கின் தொடர்ச்சியாகச் சுமார் 40,000 பேர் வெளியே வந்ததாகச் சொல்வார்கள்.

இன்று உங்கள் கையில் இருப்பது பி.என்.எஸ்.எஸ். 479. அந்தக் குற்றத்துக்கான அதிகபட்ச தண்டனையில் பாதியை உள்ளே கழித்துவிட்டால் ஜாமீன். முன்பு எந்த வழக்கிலும் தண்டனை பெறாதவர் என்றால் மூன்றில் ஒரு பங்கு போதும். 7 ஆண்டு தண்டனைக்குரிய குற்றமென்றால் மற்றவருக்கு மூன்றரை ஆண்டு, இவருக்கு 2 ஆண்டு 4 மாதம். பழைய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் சொல்லிவிட்டது. உரிய நாள் வந்ததும் கோர்ட்டுக்கு எழுத வேண்டியது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை என்று சட்டத்திலேயே இருக்கிறது. இருந்தாலும் அவரை நம்பி உட்கார வேண்டாம், நீங்களே தேதியைக் கணக்குப் போட்டு அவருக்கு ஒரு கடிதம் கொடுங்கள்.

இந்தப் பிரிவில் இரண்டு ஓட்டைகள். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்குப் பொருந்தாது, கொலை வழக்குக் கைதிகள் வெளியே நிற்கிறார்கள். அடுத்து, ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருந்தாலும் கிடையாது. இரண்டாவதுதான் எனக்கு உறுத்துகிறது. திருட்டு வழக்கில் மாட்டும் ஏழைப் பையன் மீது தீராத பழைய வழக்குகளையும் சேர்த்துப் போடுவது ஊரறிந்த பழக்கம். 2 வழக்கு, 3 வழக்கு இல்லாமல் அப்படி ஒருவரைப் பார்ப்பது அரிது. யாருக்காகச் சலுகை எழுதப்பட்டதோ அவரே வாசலில் நிறுத்தப்படுகிறார்.

ஜாமீன் உத்தரவு வந்து மூன்று வாரம் ஆகிறது. ஆள் இன்னும் வரவில்லை.

பெரும்பாலும் ஜாமீன்தாரர் கிடைக்காததுதான் காரணமாக இருக்கும். ‘இருவர் ஜாமீன், அதில் ஒருவர் ரத்த சொந்தம்’ என்று உத்தரவு இருக்கும். ரேஷன் கார்டு, ஆதார், வீட்டு வரி ரசீது, சில கோர்ட்டில் சொத்து மதிப்புச் சான்று கேட்பார்கள். வாடகை வீட்டில் இருப்பவர், ஊர் விட்டு வேலைக்கு வந்தவர், வீட்டாரோடு பேச்சில்லாதவர் எங்கே போவார்? கோர்ட் வாசலில் காசுக்கு ஜாமீன் நிற்க ஆள் கிடைக்கும், அந்தப் பக்கம் போகாதீர்கள். போலி என்று தெரிந்தால் ஜாமீனும் போய், புது வழக்கும் வரும்.

1978-இல் மத்தியப் பிரதேசத்தில் ஒரு கொத்தனாரிடம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார் மாஜிஸ்திரேட். தம்பி சொத்துக் காட்ட முன்வந்தார், வேறு மாவட்டத்துச் சொத்து என்று அதையும் தள்ளினார். மோதிராம் வழக்கு என்று பெயர் பெற்ற அதில் நீதிபதி கிருஷ்ணய்யர், ஏழையிடம் அவரால் முடியாத தொகையைக் கேட்பது ஜாமீனை மறுப்பதற்குச் சமம் என்று கண்டு, 1,000 ரூபாய் சொந்தப் பிணையில் விடச் சொன்னார்.

உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 31 அன்று கொடுத்த வழிகாட்டுதல் இன்னும் நேரடியானது. உத்தரவு கிடைத்து 7 நாளில் ஆள் வெளியே போகவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் ஜாமீன் பத்திரம் கொடுக்க முடியவில்லை என்றால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று கோர்ட் தானாகவே பார்க்கலாம். ஏழைக் கைதிகளுக்காக மத்திய அரசு 2023-இல் கொண்டுவந்த திட்டத்தில் ஜாமீனுக்குப் பண உதவி கிடைக்கும். இதற்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில்தான் கேட்க வேண்டும்.

ஜாமீன் வரப் போகிறது என்ற நேரத்தில் குண்டர் சட்டம் போட்டுவிட்டார்கள். இப்போது என்ன ஆகும்?

1982-ஆம் ஆண்டின் தமிழ்நாடு 14-வது சட்டம் இது. முதலில் சாராய வியாபாரி, குண்டர், போதைப்பொருள் குற்றவாளி, விபசாரத் தொழில் நடத்துபவர், குடிசைப் பகுதி நில அபகரிப்பாளர் என்று ஆரம்பித்து, பிறகு வனக் குற்றம், திருட்டு வீடியோ, மணல் கடத்தல், 2014-இல் சைபர் குற்றம், பாலியல் குற்றம் என்று நீண்டுகொண்டே வந்தது. சட்டத்தின் முழுப் பெயரை ஒரே மூச்சில் சொல்வது கஷ்டம். தடுப்புக் காவல் கைதிகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு பல ஆண்டுகளாக நாட்டிலேயே முன்வரிசையில் நிற்பதற்கு இந்தச் சட்டமே பெரிய காரணம். எந்தக் கட்சி ஆட்சி என்பதில் இங்கே பெரிய வித்தியாசம் கிடையாது.

நாள்கணக்கைக் குறித்துக்கொள்ளுங்கள். காவலில் வைத்து 5 நாளுக்குள் காரணங்கள் அடங்கிய கட்டைக் கைதிக்குக் கொடுக்க வேண்டும். கலெக்டரோ கமிஷனரோ போட்ட உத்தரவை மாநில அரசு 12 நாளுக்குள் ஏற்க வேண்டும். காவலுக்குப் போதிய காரணம் இருக்கிறதா என்று பார்க்கும் அறிவுரைக் கழகத்துக்கு 3 வாரத்துக்குள் அனுப்ப வேண்டும். கழகம் 7 வாரத்துக்குள் அறிக்கை தர வேண்டும். மொத்தக் காவல் அதிகபட்சம் 12 மாதம்.

இந்த 12 மாதமும் மூல வழக்கின் 60 அல்லது 90 நாள் கணக்கு பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். குண்டாஸ்தான் போட்டாச்சே என்று அதை விட்டுவிடுகிறார்கள். பிறகு குண்டாஸ் உத்தரவு ரத்தாகி, மூல வழக்கில் ஜாமீன் இல்லாததால் ஆள் உள்ளேயே இருப்பார்.

அறிவுரைக் கழகத்தில் வக்கீல் வைக்கலாமா?

கூடாது. கைதி தானே பேச வேண்டும். 1981 டிசம்பரில் ஏ.கே. ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம், வக்கீல் அல்லாத நண்பர் ஒருவர் உதவிக்கு வரலாம் என்று மட்டும் அனுமதித்தது. அரசுத் தரப்பில் சட்டம் தெரிந்த அதிகாரிகள் இருப்பார்கள், இந்தப் பக்கம் பத்தாவது தாண்டாத ஒருவர் 300 பக்கக் கட்டை வைத்துக்கொண்டு நிற்பார். இங்கே விடுதலை கிடைத்தால் அதிர்ஷ்டம். வழி இருப்பது உயர் நீதிமன்றத்தில், காவல் சட்டப்படி சரியா என்று கேட்கும் ஆட்கொணர்வு மனுவில்.

ஆட்கொணர்வு மனுவில் எதைக் காட்டி ஜெயிக்கிறார்கள்?

நிரபராதி என்பதைக் காட்டி இல்லை. அதை அங்கே யாரும் கேட்கப் போவதில்லை. உத்தரவு போட்ட விதத்தில் உள்ள கோளாறைக் காட்டித்தான். கட்டில் சில பக்கங்கள் படிக்கவே முடியாத நகலாக இருக்கும், தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு ஆங்கில ஆவணத்தை மொழிபெயர்ப்பு இல்லாமல் கொடுத்திருப்பார்கள், கைதி அரசுக்கு அனுப்பிய முறையீட்டை வாரக்கணக்கில் கிடப்பில் போட்டிருப்பார்கள். எனவே கட்டு கைக்கு வந்ததும் பக்கம் பக்கமாகப் பாருங்கள். முறையீட்டை உடனே அனுப்பி, போய்ச் சேர்ந்த தேதிக்கு ஆதாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டு வழக்குகளில் அடிக்கடி கைகொடுப்பது 2011-இன் ரேகா தீர்ப்பு. காலாவதியான மருந்துகளைப் புது லேபிள் ஒட்டி விற்றதாகச் சென்னையில் எழுந்த வழக்கு அது. ‘இவர் ஜாமீனில் வர வாய்ப்பு இருக்கிறது’ என்று காவல் உத்தரவில் எழுதியிருந்தார்கள். இதே போன்ற வழக்கில் யாருக்கு, எந்தத் தேதியில் ஜாமீன் கிடைத்தது என்ற விவரம் எதுவும் இல்லை. வெறும் ஊகத்தில் ஒருவரை அடைக்க முடியாது, சாதாரணச் சட்டத்தால் சமாளிக்க முடிகிற இடத்தில் தடுப்புக் காவல் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

இன்னொரு வாதம் ‘பொது ஒழுங்கு’. இரண்டு பேர் சண்டை போட்டால் அது சட்டம் ஒழுங்குப் பிரச்சினை. ஊரே பாதிக்கப்பட்டால்தான் பொது ஒழுங்கு. இந்த வேறுபாட்டை உச்ச நீதிமன்றம் 1965-இல் ராம் மனோகர் லோகியாவின் வழக்கில் எழுதிவைத்தது.

இப்படி ரத்தாகும் உத்தரவுகள் ஏராளம். 2017 மே மாதம் மெரினாவில் ஈழப் போரில் இறந்தவர்களுக்கு நினைவேந்தல் நடத்தப்போன திருமுருகன் காந்தி கைதாகி, குண்டர் சட்டத்தில் அடைக்கப்பட்டார். செப்டம்பரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. சரி, ரத்தாகிவிட்டதே என்று சந்தோஷப்படலாம். ஆனால் நான்கு மாதம் போனது போனதுதான். மனு விசாரணைக்கு வரவே மாதங்கள் ஆகும் என்பது உத்தரவு போடுபவருக்கும் தெரியும். நிற்காத உத்தரவு என்று தெரிந்தே போட்டாலும் சில மாதச் சிறை உறுதி, போட்டவருக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. குண்டர் சட்டத்தின் உண்மையான பயன் இதுதான் என்று நினைக்கிறேன்.

குற்றவாளிகளுக்கு ஏன் இவ்வளவு வக்காலத்து?

அவர்கள் குற்றவாளிகளா என்பதைத்தான் இன்னும் யாரும் தீர்மானிக்கவில்லையே. தீர்மானித்து, தண்டனை கொடுத்து உள்ளே வைத்தால் இந்தப் பக்கத்துக்கே வேலை இல்லை.

யுஏபிஏ வழக்கில் ஜாமீன் கிடைக்காது என்கிறார்களே?

மிகக் கடினம். 43டி(5) பிரிவுப்படி குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மை போலத் தோன்றினாலே ஜாமீன் மறுக்க வேண்டும். 2019-இல் வட்டாலி வழக்கில் இதை இன்னும் இறுக்கினார்கள், போலீஸ் தாக்கல் செய்த ஆவணத்தை ஜாமீன் கட்டத்தில் ஆழமாக ஆராயக் கூடாது என்று. 2021 பிப்ரவரியில் நஜீப் வழக்கில் ஒரு ஜன்னல் திறந்தது: விசாரணை சீக்கிரம் முடிய வாய்ப்பில்லை, நெடுங்காலம் உள்ளே இருந்துவிட்டார் என்றால் 43டி(5) இருந்தாலும் ஜாமீன் தரலாம். ஆனால் எந்த நீதிபதிக்கு எது நெடுங்காலம் என்பதில் ஒரு கணக்கும் இல்லை. நாள் எண்ணிப் பயனில்லாத இடம் இது.

ஸ்டேன் சுவாமியை நினைத்துக்கொள்ளுங்கள். திருச்சி மாவட்டத்தில் பிறந்து, ஜார்க்கண்டில் ஆதிவாசிகளுக்காக வேலை செய்த இயேசு சபைப் பாதிரியார். பீமா கோரேகான் வழக்கில் 2020 அக்டோபர் 8 அன்று ராஞ்சியில் கைது செய்து மும்பை பக்கம் தலோஜா சிறைக்குக் கொண்டுபோனார்கள். பார்க்கின்சன் நோயால் கை நடுங்கும், டம்ளரைப் பிடித்துக் குடிக்க முடியாது. உறிஞ்சு குழலும் சிப்பர் குவளையும் கேட்டு கோர்ட்டில் மனு போட வேண்டியிருந்தது. தேசியப் புலனாய்வு முகமையான என்ஐஏ அதற்குப் பதில் சொல்ல 20 நாள் கேட்டது. 2021 ஜூலை 5 அன்று அவருடைய ஜாமீன் மனு உயர் நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தபோது, அவர் இறந்துவிட்டார் என்ற செய்தியைத்தான் மருத்துவர் சொன்னார். வயது 84. வழக்கு விசாரணை தொடங்கியிருக்கவில்லை.

உள்ளே அவருக்கு என்ன உரிமை இருக்கிறது?

தண்டனைக் கைதியைவிட அதிகம், காகிதத்தில். சொந்த உடை உடுத்தலாம். 1894-ஆம் ஆண்டு சிறைச் சட்டம் தண்டனை பெறாதவருக்கு வெளியிலிருந்து உணவும் உடையும் பெற அனுமதிக்கிறது. வேலை செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. வீட்டார் மனு போட்டுப் பார்க்கலாம், வக்கீலைத் தனியாகப் பார்க்கலாம். கிளைச் சிறைக்கும் புழலுக்கும் நடைமுறை வேறுபடும், முதல் தடவை போகும்போது அடையாள அட்டையோடு காலையிலேயே போய்விடுங்கள். மருந்து சாப்பிடுபவர் என்றால் மருத்துவச் சீட்டின் நகலை முதல் ரிமாண்ட் அன்றே மாஜிஸ்திரேட்டிடம் கொடுத்து, சிறை மருத்துவருக்கு எழுதச் சொல்லுங்கள். பின்னால் கேட்டால் அலைக்கழிப்பார்கள்.

சாதி பார்த்து வேலை தருவதும் அடைப்பதும் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபர் 3 அன்று சொன்னது. அந்த வழக்கில் பாளையங்கோட்டைச் சிறையில் சாதி வாரியாகத் தனித்தனிப் பகுதி ஒதுக்கியதும் பேசப்பட்டது. மோதலைத் தடுக்கத்தான் அப்படி என்ற சமாதானத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை.

ஓட்டு விஷயம் விசித்திரமானது. விசாரணைக் கைதி ஓட்டுப் போட முடியாது, ஆனால் தேர்தலில் நிற்கலாம், ஜெயிக்கலாம். 2024-இல் ரஷீத் என்ற எம்.பி. திகார் சிறையில் இருந்தபடியே பாரமுல்லாவில் ஜெயித்தார். தடுப்புக் காவலில் இருப்பவருக்கோ தபால் ஓட்டு உண்டு. குண்டாஸில் இருப்பவர் ஓட்டுப் போடலாம், 200 ரூபாய் திருட்டு வழக்கில் ஜாமீன்தாரர் கிடைக்காமல் இருப்பவர் போட முடியாது.

இதெல்லாம் மிசா காலத்தோடு முடிந்துபோன கதை இல்லையா?

நெருக்கடி நிலைக் காலத்தில் பாய்ந்த தடுப்புக் காவல் சட்டமான மிசாவுக்கு முன்பும் இருந்தது. குடியரசு ஆன முதல் ஆண்டிலேயே, கடலூர் சிறையில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் மீது 1950 மார்ச்சில் புதிய தடுப்புக் காவல் சட்டம் பாய்ந்தது. அவர் உச்ச நீதிமன்றம் போனார், தோற்றார். அதற்கு முந்தைய மாதம், பிப்ரவரி 11 அன்று, சேலம் மத்தியச் சிறையில் கம்யூனிஸ்ட் கைதிகள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து 22 பேர் இறந்தார்கள்.

1976 ஜனவரி 31-இல் திமுக ஆட்சி கலைக்கப்பட்டதும் கட்சிக்காரர்கள் மிசாவில் அள்ளப்பட்டார்கள். சென்னை மத்தியச் சிறையில் அடிபட்டவர்களில் முன்னாள் மேயர் சிட்டிபாபு பிழைக்கவில்லை. பிறகு நீதிபதி இஸ்மாயில் ஆணையம் விசாரித்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 28-இல்தான் உச்ச நீதிமன்றம், நெருக்கடி நிலையில் ஆட்கொணர்வு மனுவே போட முடியாது என்று 4-க்கு 1 என்ற கணக்கில் சொன்னது. மறுத்து எழுதியவர் எச்.ஆர். கன்னா ஒருவர்தான்.

மிசா போய் தடா வந்தது, தடா போய் பொடா வந்தது, பின்னிரண்டும் பயங்கரவாதத் தடுப்புச் சட்டங்கள். திருமங்கலத்தில் பேசிய பேச்சுக்காக வைகோ 2002 ஜூலை 11 அன்று பொடாவில் கைதாகி 19 மாதம் வேலூர் சிறையில் இருந்தார். 2004-இல் பொடா போன அதே கையோடு யுஏபிஏ திருத்தப்பட்டது.

திருச்சி சிறப்பு முகாம் சிறையா, முகாமா?

பெயர் முகாம், இருப்பது திருச்சி மத்தியச் சிறை வளாகத்தில். இலங்கைத் தமிழரையும் வேறு நாட்டவரையும் வெளிநாட்டவர் சட்டத்தின் கீழ் அரசு உத்தரவில் வைத்திருந்தார்கள். வழக்கில் ஜாமீன் கிடைத்தவரும், தண்டனை முடிந்தவரும் அங்கே போவார்கள். குண்டர் சட்டத்துக்காவது 12 மாதம் என்ற எல்லை உண்டு. இதற்கு அதுவும் கிடையாது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022 நவம்பர் 11 அன்று விடுவித்த சாந்தன், சிறையிலிருந்து நேராகச் சிறப்பு முகாமுக்குத்தான் போனார். யாழ்ப்பாணத்தில் தாயைப் பார்க்கப் போக அனுமதி கேட்டுக்கொண்டிருந்தவர், 2024 பிப்ரவரி 28 அன்று சென்னை அரசு மருத்துவமனையில் இறந்தார்.

இலங்கையில் பயங்கரவாதத் தடைச் சட்டம் எப்படி?

1979-இல் தற்காலிகச் சட்டமாக வந்தது, 1982-இல் நிரந்தரமானது. அமைச்சரின் உத்தரவில் மூன்று மூன்று மாதமாக 18 மாதம் வரை தடுத்து வைக்கலாம். 2022 திருத்தத்தில் அது 12 மாதமானது. உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்திலோ அதற்கு மேலோ உள்ள அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலம் சாட்சியாகச் செல்லும். இந்தியாவில் சாதாரண வழக்கில் போலீஸிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லாது, அந்த ஒரு வித்தியாசம் எத்தனையோ பேரின் ஆண்டுகளைத் தின்றிருக்கிறது. 1983 ஜூலை 25, 27 தேதிகளில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்ட 53 தமிழ்க் கைதிகளில் பலர் இந்தச் சட்டத்தில் பிடிபட்டவர்கள். 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு அது முஸ்லிம்கள் பக்கம் திரும்பியது. தமிழில் கவிதை எழுதியதற்காக 2020 மே மாதம் கைதான ஆசிரியர் அஹ்னாஃப் ஜஸீம் 2021 டிசம்பரில்தான் பிணையில் வந்தார். 2023 டிசம்பரில் விடுதலையானார்.

நிரபராதி என்று தீர்ப்பு வந்தால் இழப்பீடு கிடைக்குமா?

தனிச் சட்டம் இல்லை. சட்ட ஆணையம் 2018-இல் தன் 277-வது அறிக்கையில் அப்படி ஒன்றைப் பரிந்துரைத்தது. உயர் நீதிமன்றமோ உச்ச நீதிமன்றமோ மனது வைத்தால் உண்டு. 1968-இல் விடுதலையான பீகார் கைதி ருதல் ஷாவை 14 ஆண்டு கழித்து 1982-இல்தான் வெளியே விட்டார்கள். உச்ச நீதிமன்றம் 1983-இல் கொடுத்தது, அரசு முன்பே தந்திருந்த 5,000 போக, 30,000 ரூபாய்.

வக்கீல் வைக்கப் பணம் இல்லை. யாரிடம் போவது?

காவலில் இருக்கும் எவருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும், 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-வது பிரிவு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், சிறைக்குள்ளும் சட்ட உதவி மையம் உண்டு. தொலைபேசி எண் 15100. அழைக்கும்போது காவல் நிலையத்தின் பெயர், குற்ற எண், சட்டப் பிரிவுகள், எந்தச் சிறை, முதல் ரிமாண்ட் தேதி ஆகிய ஐந்தும் கையில் இருக்கட்டும். குற்ற எண் தெரியாவிட்டால் முதல் தகவல் அறிக்கை நகலை மாஜிஸ்திரேட் கோர்ட்டில் கேட்டு வாங்கலாம், பெரும்பாலான வழக்குகளுக்குத் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலும் கிடைக்கும்.